ஒரு கோப்பைப் பாலில் 16 மில்லிகிராம்

மாலாவி நாட்டின் பிளான்டயர் நகரத்தில் குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை இருக்கிறது. கடுமையாக மெலிந்துபோன குழந்தைகளுக்கென்று அங்கே தனியாக ஒரு பகுதி, பெயர் மோயோ. சிச்சேவா மொழியில் 'உயிர்' என்று அர்த்தம். இந்த மாதிரி வார்டுகளில் ராத்திரி, பகல் என்ற கணக்கு கிடையாது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை அம்மாக்களை எழுப்பிப் பால் புகட்டச் சொல்வார்கள். ஆறு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 65 மில்லி. நம்மூர் டீ கிளாஸில் பாதிதான் வரும். பிள்ளை குடிக்க மறுத்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, சிரிஞ்சில் ஊற்றி, தானாக இறங்க விடுவார்கள்.

எலும்பும் தோலுமாகக் கிடக்கிற பிள்ளைக்கு இத்தனூண்டா கொடுப்பது என்று பார்க்கிறவர் மனசு பதறும். வயிறு நிறையக் கொடுத்தால் என்ன? கொடுத்தால் செத்துப்போகலாம் என்பதுதான் பதில். அது ஏன் என்று தெரிய வேண்டுமானால், அந்த 65 மில்லிக்குள் இருக்கிற ஒரு பொருளின் பின்னாலேயே நடந்து போக வேண்டும்.

அந்தப் பாலின் பெயர் எஃப்-75. நூறு மில்லியில் 75 கிலோ கலோரி இருப்பதால் அந்தப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய சமையல் குறிப்புப்படி ஒரு லிட்டருக்குக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 25 கிராம், சர்க்கரை 70 கிராம், தானிய மாவு 35 கிராம், எண்ணெய் 27 கிராம்; அதோடு தாது உப்புக் கரைசலும் வைட்டமினும். பால் பவுடரில் நூறில் ஒரு பங்கு பாஸ்பரஸ். கணக்குப் போட்டால் அந்த அரைக் கிளாஸில் சுமார் 16 மில்லிகிராம் தேறும். தனியாக இல்லை, நாலு ஆக்சிஜனோடு கைகோத்து பாஸ்பேட் என்ற உருவத்தில்.

16 மில்லிகிராம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆறு கிலோ பிள்ளையின் உடம்பில் ஓடுகிற ரத்தம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சிவப்பணுக்களைக் கழித்தால் மிஞ்சும் நீர்ப் பகுதி, பிளாஸ்மா, ஏறத்தாழ 300 மில்லி. நோய்நொடி இல்லாத குழந்தைக்கு நூறு மில்லி பிளாஸ்மாவில் ஐந்து மில்லிகிராம் போல பாஸ்பரஸ் இருக்கும். ஆக மொத்தம் 15. அந்தப் பிள்ளையின் ரத்த நீரில் எந்த நேரத்திலும் இருக்க வேண்டிய மொத்த பாஸ்பேட்டும் அந்த ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடுகிறது. ரத்தம் என்பது கிடங்கு அல்ல, கல்லாப்பெட்டி. அதில் எப்போதும் சில்லறைதான் இருக்கும்.

இந்தச் சில்லறை எங்கிருந்து வந்தது?

ஆதியில் பாறை. மொராக்கோவிலோ வேறெங்கோ, பழங்காலக் கடலின் அடியில் படிந்த பாஸ்பேட் பாறையை வெட்டி, கந்தக அமிலம் ஊற்றிக் கரையவைத்து, சூப்பர் பாஸ்பேட்டாகவோ டிஏபியாகவோ மூட்டை கட்டி வயலில் போடுகிறார்கள். வேர் உறிஞ்சுகிறது, புல் வளர்கிறது, மாடு மேய்கிறது. இதுவரை சொல்ல அதிகமில்லை. மாட்டின் வயிற்றில்தான் கதை சூடு பிடிக்கிறது.

செடி தனக்குக் கிடைக்கிற பாஸ்பரஸை அடுத்த தலைமுறைக்காக விதையில் சேர்த்து வைக்கிறது. அதைச் சும்மா வைப்பதில்லை. பைட்டேட் என்ற பூட்டுப் போட்டு வைக்கிறது. ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட்டுகள், இறுக்கமாக. விதை முளைக்கும்போது பைட்டேஸ் என்ற நொதி சுரந்து அந்தப் பூட்டைத் திறக்கும். அதுவரை யாருக்கும் இல்லை. மக்காச்சோளத்தில் இருக்கிற பாஸ்பரஸில் முக்கால் பங்கு இப்படிப் பூட்டிக் கிடப்பதுதான். மனுஷக் குடலில் அந்தச் சாவி கிட்டத்தட்ட இல்லை. மக்காச்சோள மாவை நன்றாகச் சலித்து, நம் களி மாதிரிக் கிளறி, மாலாவியில் 'இன்சிமா' என்று சாப்பிடுகிறார்கள். தாய்ப்பாலை நிறுத்திய பிள்ளைக்கு அதே மாவில் தண்ணீர்க் கஞ்சி. வயிறு ரொம்பும். அந்தக் கஞ்சியில் கிடைக்கிற பாஸ்பேட் சொற்பம். அதிலும் பெரும்பகுதி பூட்டோடு உள்ளே போய்ப் பூட்டோடு வெளியே வந்துவிடும்.

மாட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடித்தனம் இருக்கின்றன. அவை பைட்டேஸைத் தாராளமாகச் சுரக்கின்றன. அரிசியின் பைட்டேட்டில் பெரும்பகுதி திரண்டிருப்பது தவிட்டில். அரிசியை நாம் வைத்துக்கொண்டு தவிட்டை மாட்டுக்குப் போட்டோம். அது நம்மால் திறக்க முடியாத பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பாலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தது. கொடுக்கல் வாங்கலில் நமக்குத்தான் லாபம். (நம் பாட்டிமாரும் கைச்சாவி ஒன்று வைத்திருந்தார்கள். கம்மங்கூழைப் புளிக்க வைப்பது, கேழ்வரகை முளைகட்டி மாவரைப்பது இரண்டுமே பைட்டேட்டை ஓரளவு உடைக்கும். காரணம் தெரிந்தா செய்தார்கள் என்று கேட்டால், ருசிக்காகச் செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.)

பாலில் பாஸ்பேட் குடியிருக்கும் விதமும் அழகு. கொழுப்பை முழுக்க எடுத்த பிறகும் பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது? கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு மிதப்பதால். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கால்சியமும் பாஸ்பேட்டும் குட்டிக் குட்டித் திட்டுகளாக, கரையாமலும் படியாமலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் நேரடியாகக் கலந்தால் சுண்ணாம்பாக அடியில் தங்கிவிடக்கூடிய பொருளைக் கன்றின் வயிறு வரை மிதக்கவிட்டே கொண்டுசேர்க்க இயற்கை கண்ட வழி அது. வயிற்று அமிலம் பட்டதும் உருண்டை தயிராகத் திரிந்து, பாஸ்பேட் கரைந்து வெளியேறும். பவுடராகக் காய்ச்சினாலும், கப்பலில் ஆறு மாதம் கிடந்தாலும், இந்தக் குணம் போவதில்லை.

ஆக, ஒரு பிள்ளையின் வாய்க்குப் போகும் முன்பே நம் 16 மில்லிகிராம் ஒரு பெரிய சுற்று சுற்றி வந்துவிட்டது. இனிமேல்தான் கடினமான தூரம்.

வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது. தோல் வெயிலில் காய்ந்த சுவர்ப் பூச்சு மாதிரி உரிகிறது. முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வருகிறது. இந்த நோய்க்கு குவாஷியோர்கர் என்று பெயர். தங்கக் கடற்கரை என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர், 1935இல் 'லான்செட்' இதழில் இந்தப் பெயரோடு எழுதினார். கா மொழிச் சொல்; அடுத்த பிள்ளை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். மக்காச்சோளக் கஞ்சிக்குப் போன பிள்ளை, வேறு விதமாகச் சொன்னால்.

அந்தப் பிள்ளையின் உடம்பு பல வாரங்களாக அடுப்பைச் சிம்மில் வைத்துக் காலம் ஓட்டியிருக்கிறது. இதயம் மெதுவாகத் துடிக்கிறது, கல்லீரல் அரைவேலை செய்கிறது, செல்களின் வாசலில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் தளர்ந்துவிட்டன. சோடியம் உள்ளே தேங்குகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் கசிந்து வெளியேறுகின்றன. கசிந்ததை வயிற்றுப்போக்கும் சிறுநீரும் கொண்டுபோகின்றன. உடம்பின் பாஸ்பரஸில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பில் இருக்கிறது. ஆனால் அது நிரந்தர வைப்புநிதி, அவசரத்துக்கு உடனே எடுக்க முடியாது. தசையிலும் மற்ற உறுப்புகளிலும் இருந்த கைச்செலவுப் பணம்தான் தீர்ந்திருக்கிறது.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. செல்கள் வேலை செய்யாமல் படுத்திருப்பதால் ரத்தத்திலிருந்து அவை எதையும் கேட்பதில்லை. ஆகவே ரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்த்தால், பல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு, சிலருக்குச் சரியாகவே இருக்கிறது என்று காட்டும். வாடிக்கையாளரே வராத கடையின் கல்லாவில் சில்லறை குறையாதது மாதிரி.

பிறகு உணவு வருகிறது. சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. செல்களின் கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன.

கல்யாண மண்டப வாசலில் வருகிறவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுப்பார்களே, அதுபோல செல்லுக்குள் நுழைகிற ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் வாசலிலேயே ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. ஒட்டிய குளுக்கோஸ் திரும்ப வெளியே போக முடியாது. எரிவதற்கும் சேமிப்பதற்கும் அந்த அடையாளம் வேண்டும். இது முதல் செலவு மட்டும்தான். எரித்து எடுத்த சக்தியை வைப்பதற்கு ஏடிபி வேண்டும். ஒவ்வொரு ஏடிபியிலும் மூன்று பாஸ்பேட். புதுச் செல் கட்டவேண்டுமானால் அதன் சவ்வுக்கும் உள்ளிருக்கும் டிஎன்ஏவுக்கும் பாஸ்பேட் வேண்டும். கூட்டம் திமுதிமுவென்று உள்ளே போகிறது. சந்தனக் கிண்ணமோ 15 மில்லிகிராம். சில மணி நேரத்தில், இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில், கிண்ணம் காலி.

காலியானால் என்ன ஆகும் என்பது உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். இதயத் தசையும் மூச்சு வாங்க உதவும் உதரவிதானமும் ஓய்வே இல்லாதவை; ஏடிபி குறைந்தால் அவைதான் முதலில் தடுமாறும். சிவப்பணுவுக்குள் 2,3-டிபிஜி என்று பாஸ்பேட் ஏந்திய ஒரு பொருள் உண்டு. ஹீமோகுளோபின் ஏற்றி வந்த ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்கிவைக்கச் சொல்வது அதுதான். அது குறைந்தால், லாரி சரக்கோடு வந்தும் இறக்காமல் திரும்பிப் போகிற நிலை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் மூளைக்குப் போதாது. பிள்ளை துவண்டு கிடக்கும், மூச்சு வாங்கும், சில சமயம் வலிப்பு வரும். மெலிந்த பிள்ளைக்கு நிமோனியா வந்தாலும் ரத்தத்தில் கிருமி கலந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும் என்பதால், பாஸ்பேட்டின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சாவுக்குக் காரணமாகத் தொற்று என்று எழுதி முடிப்பது எளிது.

பட்டினி கிடந்தவர்கள் சாப்பிட்டதும் சாகிறார்கள் என்பது மனுஷர்களுக்குப் பழைய செய்தி. கி.பி. 70இல் ரோமானியப் படை ஜெருசலேமை முற்றுகையிட்டபோது தப்பி வந்தவர்களில் அளவு மீறித் தின்றவர்கள் மாண்டதை வரலாற்றாசிரியர் ஜொஸீபஸ் எழுதி வைத்திருக்கிறார். 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமைத் திறந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்களிடம் இருந்த ராணுவ ரேஷனை அள்ளிக் கொடுத்தார்கள். அன்பால் கொடுத்தது பலருக்கு எமனானது. அதன் பிறகு அங்கே கொண்டுவரப்பட்ட கலவையின் பெயர் 'வங்காளப் பஞ்சக் கலவை'. 1943 வங்காளப் பஞ்சத்தில் உருவானது. பால் பவுடர், மாவு, சர்க்கரை, உப்பு, தண்ணீர். எஃப்-75க்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். ஐரோப்பிய நாக்குக்கு அது தாங்க முடியாத இனிப்பாக இருந்ததால் பெல்சனில் பலர் அதைத் தொட மறுத்தார்கள்.

காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் பாய்ந்த மாதிரி என்று நாம் சொல்வது பேராசையைக் கிண்டல் செய்ய. மாடு வளர்த்தவர்களைக் கேட்டால், பாய்ந்த மாட்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். தலைவர்களின் உண்ணாவிரதத்தைப் பழரசம் கொடுத்து முடித்துவைக்கிற நம் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். ஒரு நாள் உண்ணாவிரதத்துக்கு ஒன்றும் ஆகாது. நிஜமாகவே பல வாரம் பட்டினி கிடந்தவருக்கு, பாஸ்பேட்டே இல்லாத வெறும் சர்க்கரைத் தண்ணீரைப் போல ஆபத்தான முதல் வாய் வேறில்லை.

சரி, ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத சில்லறையை எண்ணியது யார்? இங்கேதான் கதை சென்னை வழியாகப் போகிறது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். தெலுங்குக் குடும்பம். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாவது தடவையில் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம். மாகாண மருத்துவப் பணியில் இடம் கிடைக்காமல், சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் பேதியாகப் போய், ஆள் நாளுக்கு நாள் உருகிப்போகிற நோய் அது. சாப்பாடு வயிற்றுக்குப் போவது வேறு, உடம்புக்குப் போவது வேறு என்பதை அவர் தன் வீட்டிலேயே பார்த்துவிட்டார்.

1920களின் தொடக்கத்தில் பாஸ்டனில் போய் இறங்கினார். கையில் காசில்லை. ஆஸ்பத்திரியில் இரவு நேர ஊழியராக நோயாளிகளின் மலச்சட்டியும் மூத்திரப் பாத்திரமும் சுமந்து பிழைத்தார். பாஸ்பரஸ் என்ற தனிமத்தை மனிதன் முதன்முதலில் கண்டதே மூத்திரத்தில்தான். 1669இல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் கிடைக்கும் என்று நம்பி அதைக் காய்ச்சி, இருட்டில் ஒளிரும் பொருளைக் கண்டு திகைத்தார். சுப்பாராவ் அதைச் சுமந்த கையோடு பகலில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார்.

1925இல் இருவரும் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அம்மோனியம் மாலிப்டேட்டை அமிலத்தில் கலந்து மாதிரியில் சேர்த்தால், பாஸ்பேட்டைச் சுற்றி மாலிப்டினம் கூடு கட்டுகிறது. அதை ஒடுக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்ததும் நீலம் பிறக்கிறது. பாஸ்பேட் அதிகமென்றால் அடர்நீலம், குறைவென்றால் வெளிர்நீலம். நீலத்தின் அடர்த்தியை அளந்தால் அளவு தெரிந்துவிடும். உயிர்வேதியியல் படித்தவர்களில் ஃபிஸ்க்-சுப்பாராவ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. இன்று ஆஸ்பத்திரி லேபில் இருக்கிற தானியங்கி இயந்திரம் நீலத்துக்குக் காத்திருப்பதில்லை. புற ஊதாக் கதிரை வைத்து நேரடியாகவே பார்த்துவிடுகிறது. ஆனால் அது பார்ப்பது அதே மாலிப்டேட் கூட்டைத்தான்.

அந்த நீலத்தை வைத்துக்கொண்டு தசையைச் சோதித்தபோதுதான் 1927இல் பாஸ்போகிரியேட்டினும், 1929இல் ஏடிபியும் அவர்கள் கையில் சிக்கின. ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதே ஆண்டு ஏடிபியைக் கண்டார். செல் எதைச் செலவழித்து உயிர் வாழ்கிறது என்பது தெரிந்தது. அந்தச் செலவைக் கணக்கெடுக்கும் வழியும் தெரிந்தது. இரண்டும் ஒரே மேசையில். ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. லெடர்லி கம்பெனிக்குப் போய், ஃபோலிக் அமிலம் முதல் யானைக்கால் மருந்து வரை அவர் குழு செய்தவை தனிக் கதை. 1948இல், 53 வயதில் இறந்துபோனார்.

பட்டினிப் பிள்ளைகளின் ரத்தத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் பலர். பிளான்டயரில் மார்க் மானரியும் சகாக்களும் செய்து 1998இல் வெளியிட்டதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். குவாஷியோர்கரோடு வந்த 68 பிள்ளைகள். சேர்க்கும்போதே 8 பேருக்கு லிட்டருக்கு 0.32 மில்லிமோலுக்குக் கீழே. நம் கணக்கில் சொன்னால், 15 இருக்க வேண்டிய கல்லாவில் மூன்று மில்லிகிராம் கூட இல்லை. அந்த 8 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். மற்றப் பிள்ளைகளில் இறந்தவர்களின் விகிதம் அதில் பாதிகூட இல்லை.

எட்டுப் பேர் என்பது சின்ன எண். குறைந்த பாஸ்பேட்தான் அவர்களைக் கொன்றதா, அல்லது எப்படியும் பிழைத்திருக்க முடியாத பிள்ளைகளுக்குப் பாஸ்பேட்டும் குறைந்திருந்ததா என்பதை இந்த ஓர் ஆய்வு சொல்லாது. சொல்லும் என்று வாதாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் கம்பாலா முலாகோ மருத்துவமனையிலிருந்து 2016இல் வந்த ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. அங்கே சில பிள்ளைகளுக்கு எஃப்-75இல் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு அரிசிக் கஞ்சி கொடுத்திருந்தார்கள். எந்த அம்மாவும், எந்தப் பாட்டியும், நானும் செய்யக்கூடியதுதான். வயிற்றுப்போக்கு பிள்ளைக்குக் கஞ்சியை விட உகந்தது என்ன? கஞ்சி சேர்த்துக் குடித்த பிள்ளைகளின் பாஸ்பேட், பால் மட்டும் குடித்தவர்களுடையதைப் போல ஏறவில்லை. கஞ்சி இன்சுலினை எழுப்பியது. எழுந்த செல் கேட்டதைக் கொடுக்கக் கஞ்சியில் ஒன்றுமில்லை.

இந்த மாதிரி வார்டுகளில் பாஸ்பேட்டை அளக்கும் இயந்திரம் இருந்தால் நல்லதுதான். பெரும்பாலான இடங்களில் இருக்காது. இருந்தாலும் மருந்துத் திரவம் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் கரண்ட் இருக்காது. தவிர, அளவு தெரிந்த பிறகு செய்யக்கூடியதும் கொஞ்சம்தான். பாஸ்பேட்டை நரம்பு வழியாக ஏற்றலாம். வேகம் கூடினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து வேறு ஆபத்து. ஐ.சி.யு. உள்ள ஊரில் செய்யலாம். ஆகவே சோதனையில் செய்ய முடியாததைச் சமையல் குறிப்பில் செய்தார்கள். ஜமைக்காவில் 1950களில் ஜான் வாட்டர்லோ தொடங்கிய வெப்பமண்டல வளர்சிதை மாற்ற ஆய்வுக் கூடத்தில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளை எடை பார்த்து, பால் அளந்து, சிறுநீர் சேர்த்து, மைக்கேல் கோல்டனும் மற்றவர்களும் வந்து சேர்ந்த இடம் இது. முதல் சில நாள் சிறுகச் சிறுக. சர்க்கரை வருகிற ஒவ்வொரு வாயோடும் பாஸ்பேட்டும் வர வேண்டும். கிண்ணம் காலியாவதும் நிரம்புவதும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். கொஞ்சமாகக் கொடுப்பது கஞ்சத்தனம் அல்ல, அளவு.

இதற்கு முன்பு பல இடங்களில் நடந்தது வேறு. குவாஷியோர்கர் என்றால் புரதக் குறைபாடு, ஆகவே முதல் நாளே புரதம் கொட்டு. வீக்கமா, நீர் பிரிய மருந்து கொடு. ரத்தசோகையா, இரும்புச் சத்து கொடு. 1950களிலிருந்து 1990கள் வரை, ஆஸ்பத்திரியில் சேர்த்த கடும் ஊட்டக்குறைவுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறந்துகொண்டே இருந்தார்கள். நல்ல எண்ணத்துக்குக் குறைவில்லாத காலம் அது. 1999இல் உலக சுகாதார நிறுவனம் எஃப்-75, அதற்கு அடுத்த கட்டப் பாலான எஃப்-100 இரண்டையும் வைத்து வழிகாட்டி நூல் வெளியிட்டது. நம் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களில் பால் பவுடருக்குப் பதில் பசும்பால் 300 மில்லி, சர்க்கரை, பொரி மாவு, எண்ணெய் என்று அதே கணக்கைத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். 300 மில்லி பசும்பாலிலும் பாஸ்பரஸ் ஏறத்தாழ 25 கிராம் பவுடர் அளவுதான்.

குறிப்பில் ஓட்டை இல்லாமல் இல்லை. தாது உப்புக் கரைசலில் பொட்டாசியம், மக்னீசியம், துத்தநாகம், தாமிரம் எல்லாம் உண்டு, பாஸ்பேட் கிடையாது. அது பாலிலிருந்தே வந்துவிடும் என்ற தைரியம். பேதி ஆகிற பிள்ளைக்குக் கொடுக்கும் ரிசோமால் கரைசலிலும் பாஸ்பேட் இல்லை, ஆனால் சர்க்கரை இருக்கிறது. ஆக மொத்தச் சுமையும் அந்தப் பால் பவுடரின் தலையில். பால்தான் கலவையில் விலை அதிகமான சாமான். செலவைக் குறைக்க நினைப்பவர் கை முதலில் போவதும் அதன் மேல்தான். புரதத்தைச் சோயாவில் ஈடுகட்டலாம், கலோரியைச் சோளத்தில் ஈடுகட்டலாம். இந்த ஒன்றைப் பூட்டோடு கொடுத்துவிட்டு ஈடுகட்டிவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது. மெலிந்த பிள்ளைகளுக்குத் தரும் வேர்க்கடலைச் சிகிச்சை உணவுக்கு ஐ.நா. அமைப்புகள் வகுத்த விவரக்குறிப்பில் 100 கிராமுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் பாஸ்பரஸ், பைட்டேட்டைச் சேர்க்காமல், என்று ஒரு வரி இருக்கிறது. அந்த 'சேர்க்காமல்' என்ற சொல்லை எழுதியவர் யாரோ, மாட்டின் வயிற்றையும் பிள்ளையின் வயிற்றையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தவர்.

நம் 16 மில்லிகிராமை வார்டில் விட்டுவிட்டு வந்தோம். நடு இரவுக் கோப்பையில் குழாய் வழியாக இறங்கியது. குடலில் பாதி தேறியிருக்கலாம், பாதி பேதியோடு போயிருக்கலாம். தேறியது ரத்தத்தில் சில நிமிஷம் தங்கி, ஏதோ ஒரு செல்லின் வாசலில் குளுக்கோஸின் நெற்றியில் ஏறி உள்ளே போயிற்று. இரண்டு மணிக்கு அடுத்த கோப்பை. நாலு மணிக்கு அதற்கடுத்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. ஏடிபி சேரச் சேர, செல் வாசல் பம்புகள் மெல்ல ஓடத் தொடங்கின. உள்ளே தேங்கிய சோடியம் வெளியே வந்தது. பொட்டாசியம் உள்ளே போனது. சிறுநீரகம் விழித்துக்கொண்டது. பிள்ளை நிறைய மூத்திரம் போகிறது என்று அம்மா புகார் மாதிரிச் சொல்ல ஆரம்பிப்பாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் தராசில் வைக்கும்போது எடை குறைந்திருக்கும். இத்தனை ராத்திரி கண்விழித்துப் புகட்டியும் பிள்ளை இளைத்துவிட்டதே என்று அம்மாவின் முகம் வாடும். நர்ஸ் அட்டையில் எடையைக் குறித்துவிட்டு, குனிந்து, பிள்ளையின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். பள்ளம் விழவில்லை.